உங்களுக்குத் தெரியுமா? செல்லப்பிள்ளையின் காலடியில் ஒரு நாச்சியார்

மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கும் மேல்கோட்டைதான் ராமாநுஜர் வாழ்ந்த திருநாராயணபுரம். அங்கே உற்சவர் செல்லப்பிள்ளையின் திருவடியை உற்றுப் பாருங்கள். சின்னஞ்சிறு பெண் உருவம் ஒன்று தெரியும். அவள் பீபி நாச்சியார். டெல்லி சுல்தானின் மகள், பெருமாள் மேல் கொண்ட காதலால் பின்தொடர்ந்து வந்து அவர் பாதத்திலேயே கலந்தவள் என்பது மரபு. பக்திக்கு முன் பிறப்பு ஒரு பொருட்டல்ல என்பதை இவ்வளவு சிறிய உருவத்தில் சொன்ன சிற்பம் வேறு எங்கே இருக்கிறது!

ஸ்ரீரங்கத்தில் இந்தக் கதை அடுக்களைக்கே வந்துவிட்டது. அங்கே துலுக்க நாச்சியார் என்று அழைக்கப்படும் அவளுக்குச் சிலை கிடையாது. சுவரில் தீட்டிய ஓவியம்தான். அவளுக்காக, அரிசிச் சோறு உண்ணும் ஊரில் அரங்கனுக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் அமுதாகின்றன. வடநாட்டு மருமகளின் கைப்பக்குவத்தை ஒரு வீடு ஏற்றுக்கொள்வது போலத்தான் இது.

மேல்கோட்டையின் சொந்த ருசி புளியோகரே. கொதித்துச் சுண்டி எண்ணெய் பிரிந்த புளிக்காய்ச்சலில் வெல்லமும் வறுத்துப் பொடித்த எள்ளும் கொப்பரைத் துருவலும் சேரும்போது வரும் மணம்! நம் கோயில் புளியோதரையைவிட இனிப்பு சற்றுத் தூக்கல். மலையேறிப் போகிறவர்கள் தொன்னையில் வாங்கி, கல்யாணிக் குளத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.