பணியிட எழுத்தறிவும் எண்ணறிவும்: இங்கிலாந்தின் தொழிற்சங்கக் கற்றல் முறை

வேலையில் உள்ள வயது வந்தோருக்கு, அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைக் கற்பிப்பது பணியிட அடிப்படைத் திறன் கல்வி எனப்படும். கட்டாயப் பள்ளிக் கல்வி நூறாண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் உள்ள இங்கிலாந்திலும் இதற்குத் தேவை இருந்தது.

1999-இல் கிளவுஸ் மோசர் தலைமையிலான குழு அரசுக்கு அளித்த அறிக்கை இதை வெளிச்சமிட்டுக் காட்டியது. தொலைபேசி வணிக விவரத் தொகுப்பின் அகரவரிசைப் பட்டியலைக் கையில் கொடுத்தால், குழாய் பழுதுபார்ப்பவர்களுக்கான பக்க எண்ணை ஐந்தில் ஒருவரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது அது. 2003-இல் வெளியான ஆய்வின்படி, 16 முதல் 65 வயதினரில் 16 விழுக்காட்டினரின் எழுத்தறிவு, தொடக்கப் பள்ளி முடிக்கும் குழந்தையிடம் எதிர்பார்க்கப்படும் அளவிலோ அதற்குக் கீழோ இருந்தது. எண்ணறிவில் இந்நிலையில் இருந்தோர் 47 விழுக்காடு. எழுத்தறிவே பெரிதும் பேசப்பட்டாலும், பெரிய பள்ளம் கணக்கில்தான் இருந்தது.

இக்குறை வேலையில் எளிதில் வெளித்தெரியாது. படிவத்தை நிரப்பச் சொன்னால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொல்வது, அறிவிப்பை நண்பரை விட்டுப் படிக்கச் செய்வது, எழுத்து வேலை கூடும் என்பதால் பதவி உயர்வையே மறுப்பது எனப் பலரும் பல்லாண்டுகள் சமாளித்து விடுகின்றனர். ஆனால் துப்புரவுப் பணியாளர் 5 லிட்டர் நீருக்கு 125 மில்லி மருந்து கலக்க வேண்டிய இடத்திலும், முதியோர் இல்லப் பணியாளர் மருந்து அட்டவணையைப் படிக்க வேண்டிய இடத்திலும் தவறு நேர்ந்தால் பாதிக்கப்படுவது வேறொருவர். சம்பளச் சீட்டில் மிகைநேர ஊதியம் குறைந்திருப்பதைக் கவனிக்க முடியாதவருக்கு இழப்பு அவருடையதே.

மேலாளரிடம் இதை ஒப்புக்கொள்ளப் பலர் அஞ்சுவர். வேலை போய்விடுமோ என்ற பயம். ஆகவே உடன் வேலை செய்பவரையே தூதராக்கும் வழி எடுக்கப்பட்டது. 1998-இல் தொழிற்சங்கக் கற்றல் நிதி தொடங்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களின் கற்றல் பிரதிநிதிகளுக்கு இப்பணிக்காக ஊதியத்துடன் நேரம் ஒதுக்கும் உரிமையைத் தந்தது. பிரதிநிதி தேநீர் இடைவேளையில் பேச்சுக் கொடுப்பார். யாருக்கு என்ன தேவை என்பதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வார். வகுப்பு நேரத்தில் பாதியை நிறுவனமும் பாதியைத் தொழிலாளியும் ஏற்பது போன்ற உடன்பாட்டை நிர்வாகத்துடன் பேசி முடிப்பார். ஷிப்டு மாறும் வேளையில் வகுப்பு வைப்பதும் உண்டு.

'எழுத்தறிவு வகுப்பு' என்று பலகை வைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்பது விரைவில் தெரிந்தது. கணினி வகுப்பு என்றால் வந்தனர். வெட்கமின்றி வரக்கூடிய வாசல் அது. அங்கே தட்டச்சு செய்யும்போது எழுத்துப் பிழை பற்றிய பேச்சு தானாக எழும். பாடப்பொருளும் வேலையிலிருந்தே எடுக்கப்பட்டது: விபத்துப் பதிவேடு, பணி அட்டவணை, சம்பளச் சீட்டு. விழுக்காட்டைப் பாடநூலில் கற்க மறுத்தவர், தம் ஓய்வூதியப் பிடித்தத்தில் அதைப் பார்த்ததும் கேள்வி கேட்கத் தொடங்குவார்.

அரசு 2001-இல் தொடங்கிய 'வாழ்க்கைக்கான திறன்கள்' திட்டம் 2010-க்குள் 22.5 இலட்சம் பேரின் திறனை உயர்த்த இலக்கு வைத்து, அதை முன்னதாகவே எட்டியது. ஆனால் எண்ணப்பட்டவை சான்றிதழ்கள். சற்று உழைத்தால் தேர்வில் வென்றுவிடக்கூடியவர்களுக்கே இத்தகைய இலக்கு சாதகமானது. 2011 ஆய்வில், எழுத்தறிவின் மேல்நிலையில் இருந்தோர் 44-இலிருந்து 57 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். அடிநிலையில் இருந்தோர் 16-இலிருந்து 15 மட்டுமே ஆயினர். எண்ணறிவின் அடிநிலையில் இருந்தோர் 49 விழுக்காடாகக் கூடியிருந்தனர். மிகவும் பின்தங்கியவருக்கு வேண்டியது நீண்ட காலமும் பழகிய முகமும். கற்றல் பிரதிநிதிகள் தரக்கூடியதும் அதுவே.

இங்கிலாந்தில் இந்நிதிக்கான அரசு உதவி 2021 மார்ச்சுடன் நிறுத்தப்பட்டது. வேல்சிலும் ஸ்காட்லாந்திலும் தனி ஏற்பாடுகளின் கீழ் இம்முறை அதன் பின்னும் தொடர்ந்தது.