இரும்புச் சாவியால் வலிப்பு நிற்குமா?

தைப்பூசம். வடலூர் சத்திய ஞான சபையில் ஜோதி தரிசனம் காண ஜனங்கள் அலைமோதுவார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவர் காக்காய் வலிப்பு வந்து விழுந்துவிட்டால் என்ன நடக்கும்?

"சாவி! சாவி!" என்று பத்துப் பேர் கத்துவார்கள். யாராவது சாவிக் கொத்தை எடுத்து, விழுந்தவர் கையில் திணிப்பார். சற்று நேரத்தில் வலிப்பு நின்றுவிடும். "பார்த்தீர்களா, இரும்பின் மகிமையை!" என்பார்கள்.

சாவிக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் வலிப்பு இரண்டொரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தால் போதும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூளையில் ஓடும் மின்சாரம் திடீரென்று தாறுமாறாவதுதான் வலிப்பு. அதை அடக்கி வைப்பது மாத்திரை.

தூக்கத்துக்காகக் கொடுத்துவந்த பினோபார்பிட்டால் என்ற மருந்து வலிப்பையும் குறைக்கிறது என்று 1912-ல் கண்டவர், ஹாப்ட்மன் என்ற ஜெர்மன் டாக்டர். அந்த மருந்து இன்றும் கொடுக்கப்படுகிறது. 1938-ல் பினிட்டாயின் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர்கள் மெரிட்டும் புட்னமும் அதை முதலில் யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் தெரியுமா? பூனைக்கு!

"ஒரு வருஷமாக வலிப்பு இல்லையே, இனி மாத்திரை எதற்கு?" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். வலிப்பு வராமல் இருப்பதே மாத்திரையால்தான்! திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். சிதம்பரத்தில் திருமஞ்சனம், வடலூரில் பூசம் என்று புறப்படும்போது மாற்றுத் துணியை மறக்காதவர்கள் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். போதாததற்கு இரவெல்லாம் கண் விழிப்பு வேறு! தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரும்.

கல்யாணமான பெண்கள் பாடு இன்னும் கஷ்டம். புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து மாத்திரையை விட்டுவிடுவார்கள். வலிப்பு உள்ளவர்களின் கல்யாணத்துக்கு இந்து திருமணச் சட்டத்தில் இருந்த தடை 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. பயம்தான் நீங்கவில்லை. ஆனால் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வால்பிரோயேட் என்ற மாத்திரை கருவிலுள்ள குழந்தைக்குக் கெடுதல் செய்யும். டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றுவார். தாமாக நிறுத்துவது கூடாது. தடிப்போ ஈறு வீக்கமோ கண்டாலும் அப்படியே.

நாய்க்கும் பூனைக்கும்கூட வலிப்பு உண்டு. வாயில்லா ஜீவன் துடிக்கிறதே என்று வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பினிட்டாயினை நாயின் உடம்பு சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும், பலன் இல்லை. பூனை உடம்பிலோ நாள் கணக்கில் தங்கி விஷமாகிவிடும். எந்தப் பிராணியை வைத்துச் சோதித்தார்களோ, அதற்கே அந்த மருந்து ஆகாது! பினோபார்பிட்டால் இரண்டுக்கும் ஆகும். ஆனால் எடை பார்த்து, கால்நடை டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.