மூக்கைப் பார்த்தால் வயசு தெரியும்!

மரக்காணம் உப்பளக் கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஆகாயம் எவ்வளவு பெரியது என்பது அங்கேதான் புரியும். மரமில்லை, மாடியில்லை. வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்திகள், அதற்கப்பால் கடல். பக்கத்திலேயே கழுவெளி ஏரி. 2021-ல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். தூரத்தில் ஒரு பறவை வருகிறது. கொக்கா, பூநாரையா? விஷயம் தெரிந்தவர்கள் நிறத்தை நம்புவதில்லை, கழுத்தைத்தான் பார்க்கிறார்கள். கழுத்தை மடக்கிக் கொண்டு பறந்தால் கொக்கு. நீட்டிக் கொண்டு பறந்தால் பூநாரை. அவ்வளவுதான் சூட்சுமம்!

இதே வித்தை ஒரு காலத்தில் உயிர் காக்கும் வித்தையாக இருந்தது. 1942 ஏப்ரல் 5-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ந் தேதி திருகோணமலை. இவற்றுக்கு நடுவே உள்ளது நம்முடைய கரை. சென்னையில் குடும்பம் குடும்பமாக மூட்டை முடிச்சுடன் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். தலைக்கு மேல் ஓர் இரைச்சல் கேட்டால், "நம்முடையதா, அவர்களுடையதா?" என்பதே முதல் கேள்வி.

அதில் ஒரு விபரீதமும் இருந்தது. பிரிட்டிஷ் விமானங்களில் வரைந்திருந்த வட்டத்தின் நடுவே சிவப்பு. ஜப்பானிய விமானத்திலும் சிவப்பு வட்டம்! அவசரத்தில் சிவப்பு மட்டும் கண்ணில் பட்டால், சொந்த விமானத்தையே சுட்டு விடலாம் அல்லவா? அதனால் 1942-ன் நடுவில், இந்தியாவிலும் பர்மா முனையிலும் இருந்த பிரிட்டிஷ் விமானங்களில் அந்தச் சிவப்பை அழித்து, நீலமும் வெள்ளையுமாக மாற்றினார்கள். விமானங்களைக் கறுப்பு நிழல் உருவங்களாக வரைந்து, முன்னால், பக்கவாட்டில், அடியில் என்று மூன்று கோணங்களில் காட்டிக் காவலர்களைப் பழக்கினார்கள்.

"அதெல்லாம் முடிந்து போன யுத்தம். அடுப்பங்கரையில் இருக்கும் எனக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? உங்கள் பரணில் உள்ள பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். தாத்தாவோ பெரியப்பாவோ காக்கிச் சட்டையுடன் விமானத்தின் பக்கத்தில் நிற்கும் படம் இருக்கலாம். பின்னால் தேதி இராது. கேட்கலாமென்றால் ஆளும் இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் விமானம் இருக்கிறதே, அது வாய் திறந்து சொல்லும்!

முதலில் ஹரிக்கேனா, ஸ்பிட்பயரா என்று தீர்மானியுங்கள். இரண்டும் பிரிட்டிஷ் சண்டை விமானங்கள்தான். ஹரிக்கேனுக்கு முதுகு கூன் போட்டாற்போல் இருக்கும், இறக்கை தடிமன், ரேடியேட்டர் வயிற்றின் நடுவில். 1942-ல் இலங்கையைக் காத்து நின்றது இதுதான். ஸ்பிட்பயர் மெலிந்த உடல்காரி. அவளுடைய ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில்.

ஸ்பிட்பயரிலேயே பல ரகங்கள். எல்லாம் ஒரே குடும்பத்து அக்கா தங்கைகள், ஜாடை ஒன்றுதான். வயசை அறிய மூக்குக்குப் போங்கள். நம் வீட்டு மின்விசிறியில் இறக்கை எண்ணுகிற மாதிரி எண்ண வேண்டியதுதான்.

மூன்று இறக்கை என்றால் பெரும்பாலும் ஐந்தாம் ரகம். 1943-ன் கடைசியில் வங்காளப் பக்கம் போருக்கு வந்தது. நம் ஊர்ப் புழுதி இயந்திரத்துக்குள் போகாமலிருக்க மூக்கின் கீழே பெரிய வடிகட்டி பொருத்தியிருப்பார்கள். தாடை வீங்கினாற்போல் தெரியும். அடியில் ஒரு பக்கம் பெரிய ரேடியேட்டர், மறு பக்கம் சின்னது.

நான்கு இறக்கை என்றால் பெரும்பாலும் எட்டாம் ரகம். தாடை வீக்கம் போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவு ரேடியேட்டர். பறக்கும்போது வால் சக்கரம் கூட உள்ளே மடங்கிவிடும். இந்திய விமானப்படையின் எட்டாம் ஸ்குவாட்ரன் 1944-ல் பெற்றது இதுவே.

ஐந்து இறக்கையா? நீண்ட மூக்கா? மூக்கின் மேல் இரண்டு புடைப்பா? அது பதினான்காம் ரகமாக இருக்கலாம். 1946-ல் நம் நான்காம் ஸ்குவாட்ரன் ஜப்பானுக்கே எடுத்துச் சென்ற ரகம்! முதல் ஸ்பிட்பயரின் இயந்திர சக்தி சுமார் 1,000 குதிரை. இதற்கோ 2,000-க்கும் மேல். அவ்வளவு சக்தியையும் காற்றில் செலுத்த வேண்டும். இறக்கையை நீளமாக்கினால் தரையில் இடிக்கும். அதனால் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்.

பதினெட்டாம் ரகம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். அதுவும் ஐந்து இறக்கைதான். வித்தியாசமெல்லாம் உள்ளே: இறக்கையின் பலமும், கூடுதல் பெட்ரோல் தொட்டியும். வெளிப்பார்வைக்குப் பதினான்காம் ரகத்தின் பிந்திய விமானங்களும் இதுவும் இரட்டைப் பிறவிகள். அப்போது உடலில் எழுதியுள்ள எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

பிறகு வட்டத்தைப் பாருங்கள். நடுவில் சிவப்பில்லாமல் நீலமும் வெள்ளையும் மட்டும் இருந்தால், 1942-க்குப் பிந்திய யுத்த காலம். நீலச் சக்கரம் இருந்தால் சுதந்திரம் வந்த புதிது. மூவர்ண வட்டம் என்றால் அதற்கும் பிறகு.

நமக்கு இதில் உரிமை இல்லாமலில்லை. ஒரு ஸ்பிட்பயருக்கு 5,000 பவுன் என்று விலை குறித்து ஊர் ஊராக நிதி திரட்டினார்கள். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 66,000 ரூபாய். ஸ்பிட்பயரில் பறந்த 234-ம் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனுக்கு "சென்னை மாகாணம்" என்ற பெயரே சேர்ந்தது.

டில்லிக்குப் போனால் பாலத்தில் உள்ள விமானப்படைக் காட்சிசாலையையும் எட்டிப் பாருங்கள். ஹரிக்கேனும் ஸ்பிட்பயரும் அங்கே இருக்கின்றன. குழந்தைகளை மூக்கின் முன்னால் நிறுத்தி இறக்கையை எண்ணச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த ஆல்பத்தைத் திறந்து, கண்டுபிடித்த வருஷத்தைப் படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். உங்கள் பேரன் பேத்திகள் யாரிடமும் கேட்டுத் திண்டாட வேண்டியிராது.