ஒரு சதவீதப் பணம் யாருக்கு? கட்டுமான நல நிதியும் தொழிற்பயிற்சியும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

வீட்டு வரைபட அனுமதிக்குக் கட்டவேண்டிய தொகைகளின் பட்டியலில் ‘தொழிலாளர் நல நிதி’ என்று ஒரு வரி இருக்கும். ஆய்வுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் என்ற வரிசையில் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டு ரசீதைக் கோப்பில் செருகிவிடுகிறோம். அந்தப் பணம் எங்கே போகிறது, அதில் கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் தொழில் பயிற்சி தரலாமா, தருகிறார்களா என்பது குறித்து வீடு கட்டுபவர்களுக்கும் சந்தேகம் இருக்கிறது, வேலை செய்பவர்களுக்கும் இருக்கிறது. அடிக்கடி காதில் விழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

சொந்த வீடு கட்டுகிறேன். சிமென்டுக்கும் கம்பிக்கும் ஏற்கெனவே ஜி.எஸ்.டி. கட்டியாயிற்று. இது எதற்கு இன்னொரு வரி?

இது வரி அல்ல. கட்டடத் தொழிலாளர் நல நிதிக்கான தீர்வைச் சட்டம் 1996இல் வந்தது. கட்டுமானச் செலவில் 1 சதவீதத்துக்குக் குறையாமலும் 2 சதவீதத்துக்கு மிகாமலும் வசூலிக்கலாம் என்பது சட்டம். நடைமுறையில் இருப்பது 1 சதவீதம். இது வரியா கட்டணமா என்று கட்டுமான நிறுவனங்கள் வழக்காடின. 2011இல் திவான் சந்த் பில்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டணம் என்றே தீர்மானித்தது. வரி என்றால் அரசு தன் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் எதற்காக வாங்கப்பட்டதோ அதற்கே போய்ச் சேர வேண்டும். இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் எல்லாக் கேள்விகளுக்கும் இதுதான் அடிப்படை.

தமிழ்நாடு இதில் முந்திக்கொண்ட மாநிலம். மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994 நவம்பர் 30 அன்று இங்கே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் வாங்கியது 0.3 சதவீதம். பிறகுதான் அது 1 சதவீதமானது.

எந்தத் தொகைக்கு ஒரு சதவீதம்? மனை விலையும் சேருமா?

சேராது. கட்டும் செலவுக்கு மட்டும்தான். விபத்தில் அடிபட்ட தொழிலாளிக்கு நீங்கள் சட்டப்படி கொடுத்த இழப்பீட்டையும் கழித்துக்கொள்ளலாம். ஒரு கோடி ரூபாய்க் கட்டடம் என்றால் ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தில், வசூலிக்கும் உள்ளாட்சியோ துறையோ வசூல் செலவாக அதிகபட்சம் 1 சதவீதம், அதாவது ஆயிரம் ரூபாய் வரை எடுத்துக்கொள்ளலாம். மீதி 99 ஆயிரம் 30 நாளுக்குள் வாரியத்துக்குப் போக வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு விதி. அரசு ஒப்பந்த வேலைகளில் இந்தத் தொகையை ஒப்பந்ததாரரின் பில்லிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும் சிறிய வீட்டுக்கு விலக்கு உண்டு. பழைய மத்தியச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட வீடு வரை விலக்கு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. வீடு கட்டுபவருக்கு இது நல்ல செய்தி. நிதிக்கு அப்படி அல்ல. கிராமத்திலும் சிறு நகரத்திலும் எழும் வீடுகளில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அங்கே வேலை செய்யும் கொத்தனார் மட்டும் வாரியத்தின் உறுப்பினராகவே தொடர்வார். உங்கள் உள்ளாட்சி அலுவலகம் இப்போது எந்த வரம்பைப் பின்பற்றுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

நல நிதி என்றால் ஓய்வூதியம், விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு. இதில் பயிற்சி எங்கிருந்து வந்தது?

நியாயமான சந்தேகம். தொழிற்சங்கத்தினர் பலர் இதை உரக்கவே கேட்கிறார்கள். தீர்வைச் சட்டத்தோடு 1996இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம் வாரியத்தின் வேலைகளாகச் சொன்னவை விபத்து உதவி, 60 வயதில் ஓய்வூதியம், வீட்டுக் கடன், காப்பீடு, கல்வி உதவி, மருத்துவச் செலவு, பேறுகால உதவி. கடைசியில் ‘மற்ற நலப் பணிகள்’ என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. பயிற்சி அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தது. புதிய சட்டத் தொகுப்பு திறன் மேம்பாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே சட்டப்படி செலவிடலாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது.

எவ்வளவு, யாரைக் கேட்டு என்ற கேள்வி முடியவில்லை. சாரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பத்துக்குப் போகவேண்டிய உதவியும் பயிற்சி மையத்தின் புரொஜக்டரும் ஒரே பெட்டியிலிருந்துதான் வருகின்றன. என் கருத்து இதுதான்: பயிற்சிக்குச் செலவிட வேண்டும், ஆனால் நிலுவையில் உள்ள ஓய்வூதியத்தையும் விபத்து உதவியையும் கொடுத்து முடித்த பிறகு, தனித் தலைப்பில், தனிக் கணக்கில் செலவிட வேண்டும்.

இருபது வருடமாகக் கரணை பிடிப்பவருக்கு வகுப்பில் என்ன சொல்லித் தரப்போகிறார்கள்?

கேலியாகக் கேட்கப்படும் கேள்வி. ஆனால் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால் பதில் தெரியும். தூணுக்குப் போடும் ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரிங்கின் இரு முனைகளையும் 135 டிகிரிக்கு வளைத்து, கொக்கி தூணின் உட்புறக் கான்கிரீட்டில் புதையும்படி விட வேண்டும் என்று நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 13920 சொல்கிறது. பல வீடுகளில் 90 டிகிரியோடு நிறுத்திவிடுகிறார்கள். வளைப்பது சுலபம், நெடுங்கம்பியில் மாட்டுவது சுலபம், கம்பியும் கொஞ்சம் மிச்சம். மேஸ்திரி அப்படித்தான் கற்றார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான். கட்டடம் குலுங்கும்போது 90 டிகிரிக் கொக்கி விரிந்துகொடுக்கும். 135 டிகிரிக் கொக்கி பிடித்து நிற்கும்.

கவர் பிளாக் இன்னொன்று. தூணில் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 456. அதற்கு அளவான கவர் பிளாக்கைக் கட்டாமல், கிடைத்த ஜல்லியை முட்டுக்கொடுத்துவிட்டு கான்கிரீட் போடுவது சாதாரணமாக நடக்கிறது. அதிர்வில் ஜல்லி நழுவும், கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கடலோர ஊர்களில் சில வருடங்களிலேயே துரு பிடித்து, கான்கிரீட் பொருக்குப் பொருக்காக உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். தச்சு, மின்வேலை, பிளம்பிங் என்று ஒவ்வொரு தொழிலிலும் இப்படி நாலைந்து விஷயங்கள் உண்டு. ஒரு வாரத்தில் திருத்திவிடக்கூடியவைதான்.

வேலை முழுதாகத் தெரிந்தவருக்குத் தேவை வகுப்பு அல்ல, சான்றிதழ். செய்துகாட்டச் சொல்லி, சோதித்துச் சான்று தரும் முறையும் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது உண்மையாகவே உதவும். உள்ளூரில் சான்றிதழைப் பார்த்துக் கூலியை ஏற்றிக்கொடுக்கும் மேஸ்திரியைக் காண்பது அரிது.

பயிற்சியால் அதிகம் பயன்பெறக்கூடியவர் சித்தாள். கலவை கலந்து, சட்டி சுமந்து, செங்கல் எடுத்துக் கொடுத்தே வயதாகும் பெண்களின் கையில் கரணையும் ரசமட்டமும் தானாக வந்து சேர்வதில்லை. ஆண் உதவியாளர் நாலைந்து வருடத்தில் கொத்தனாராகிவிடுகிறார். பக்கத்தில் நின்ற சித்தாள் சித்தாளாகவே இருக்கிறார். நல நிதியில் நடக்கும் பயிற்சியில் பெண்களுக்கு முதலிடம் தராவிட்டால், ஏற்கெனவே இருக்கும் ஏணியில் ஆண்களுக்கு இன்னொரு படி போட்டதாகத்தான் ஆகும்.

பயிற்சிக்குப் போனால் அந்த நாள் கூலி?

பயிற்சிக்கு வருகிறாயா என்றால் தொழிலாளி முதலில் கேட்பது இதைத்தான். தமிழ்நாட்டு வாரியம் செங்கல்பட்டு மாவட்டம் தையூரில் நடத்தும் பயிற்சியில் இரண்டு வகை உண்டு. ஒன்று மூன்று மாதம், மற்றது ஒரு வாரம். ஒரு வாரப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வேலையிழப்பை ஈடுகட்ட நாளொன்றுக்கு 800 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஏழு நாளுக்கு 5,600. சித்தாளுக்கு இது கட்டுப்படியாகும். சென்னையில் வேலை செய்யும் கைதேர்ந்த கொத்தனாரின் நாள் கூலி இதைவிடக் கூடுதல். தென்மாவட்டத்திலிருந்து தையூர் வரை வந்து, ஒரு வாரம் தங்கி, கூலியிலும் இழப்போடு யார் வருவார்? மாவட்டத்துக்கு ஒரு இடத்தில், அரசு ஐ.டி.ஐ.களின் பட்டறைகளில் விடுமுறை நாட்களில் நடத்தினால் இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

பணம் தேங்கிக் கிடக்கிறது என்கிறார்களே, உண்மையா?

நாடு முழுதும் பார்த்தால் உண்மைதான். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான தேசியப் பிரச்சாரக் குழு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மதன் பி. லோகூர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்பளித்தது. மாநிலங்கள் அதுவரை வசூலித்தது ஏறத்தாழ 37,400 கோடி. தொழிலாளர்களுக்குச் செலவிட்டது ஏறத்தாழ 9,500 கோடி. நாலில் ஒரு பங்கு. அந்த வழக்கு நடந்தபோதுதான், நல நிதியிலிருந்து லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கியதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நீதிமன்றத்தில் தெரிவித்தார். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது மாநில வாரியங்களிடம் சுமார் 52,000 கோடி இருப்பதாக மத்திய அரசே சொல்லி, தொழிலாளர்களின் வங்கிக் கணக்கில் போடச் சொன்னது. அப்போதும் பதிவில்லாதவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

செலவழிக்கத் தெரியாமல் இருப்பதும் தவறு, செலவானது என்று காட்டுவதற்காகச் செலவழிப்பதும் தவறு. பயிற்சி இரண்டாவது தவறுக்கு வசதியான தலைப்பு. ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் ஆயிரக்கணக்கானோர் பயிற்சி பெற்றதாக அறிக்கை எழுதிவிடலாம். ஓய்வூதியம் வந்து சேரவில்லை என்றால் முதியவர் அலுவலக வாசலில் வந்து நிற்பார். பயிற்சி சரியாக நடக்கவில்லை என்று யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

அப்படியானால் யார் கண்காணிப்பது?

மத்தியச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. வாரியத்தின் சம்பளமும் நிர்வாகச் செலவும் அந்த ஆண்டின் மொத்தச் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்ய வேண்டும். ஆனால் தணிக்கை, பணம் விதிப்படி செலவானதா என்று பார்க்கும். பயிற்சி முடித்த கம்பி கட்டுபவர் ஆறு மாதம் கழித்துக் கூடுதல் கூலி வாங்குகிறாரா என்று தேடிப் பார்க்காது. அதை வாரியம்தான் செய்ய வேண்டும். மாவட்ட வாரியாக, தொழில் வாரியாக, ஆண் பெண் வாரியாக எத்தனை பேர் பயின்றார்கள், எவ்வளவு செலவானது, பிறகு அவர்கள் கூலி என்ன என்பதை ஆண்டுதோறும் இணையதளத்தில் போட்டால் போதும். கேள்வி கேட்கத் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

வெளிநாடுகளில் எப்படி?

அங்கே பயிற்சிக்கென்றே தனித் தீர்வை வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1964 முதல் கட்டுமானத் தொழிற்பயிற்சி வாரியம் நிறுவனங்களின் சம்பளப் பட்டியலை வைத்து வசூலித்து, தொழில் பழகுநரை வைத்துக் கற்றுக்கொடுக்கும் முதலாளிக்கு மானியமாகத் திருப்பித் தருகிறது. தீர்வை தொடர்வதற்கு முதலாளிகளின் சம்மதத்தை அவ்வப்போது வாங்க வேண்டும் என்பதால் கணக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் முறைக்கு நெருக்கமானது தெற்கு ஆஸ்திரேலியா. கட்டுமான மதிப்பில் 0.25 சதவீதம், முழுதும் பயிற்சிக்கு. மலேசியாவிலும் 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு 0.125 சதவீதம் வாங்கும் கட்டுமான வாரியம் பயிற்சியையும் சான்றளிப்பையும் கவனிக்கிறது. நாம் வாங்குவது இவற்றைவிட அதிகம். ஆனால் மரண உதவி முதல் பயிற்சி வரை எல்லாம் அந்த ஒரு சதவீதத்துக்குள்தான்.

பீகாரிலிருந்து வந்து இங்கே வேலை செய்பவருக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. 18 முதல் 60 வயதுக்குள், கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும் என்பதுதான் மத்தியச் சட்டத்தின் நிபந்தனை. பிறந்த மாநிலம் எது என்று சட்டம் கேட்கவில்லை. அவர் கட்டும் கட்டடத்தின் ஒரு சதவீதம் இங்கேதான் வசூலாகிறது. பணிச்சான்று தரவேண்டிய ஒப்பந்ததாரர் தருவதில்லை, படிவத்தை நிரப்ப மொழி தெரிவதில்லை. பயிற்சியையும் தமிழில் மட்டும் நடத்தினால் தளத்தில் கம்பி கட்டுபவர்களில் பெரும்பகுதியினர் வெளியேதான் நிற்பார்கள்.

பதிவு செய்யவும் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவும் யாரைப் பார்ப்பது?

மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், பணிச்சான்று வேண்டும். பதிவுக்கும் புதுப்பிப்புக்கும் கட்டணம் கிடையாது, இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். வீடு கட்டுபவர்கள், உங்கள் வேலையில் இருக்கும் கொத்தனாரிடமும் சித்தாளிடமும் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் பணிச்சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.