திரைச்சீலையும் மெய்க்காட்சியும்

ஊரில் பாடசாலை நாடகம் பழக்கிய எவருக்கும் அந்த மூன்று ‘சீன்’கள் நினைவிருக்கும்: அரண்மனை, காடு, தெரு. வாடகைக்கு எடுத்துவருவோம். இக்கிழமை அரிச்சந்திரன் நின்ற தூண்களின் முன்னே மறுகிழமை பாண்டியன் நிற்பான். ஒருவரும் குறைகூறியதில்லை.

ஐரோப்பிய அரங்குகளிலும் 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் இதுவே வழக்கம். தோட்டம், மாளிகை, குடிசை என வரைந்து வைத்த சீலைகளைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து எந்த நாடகத்துக்கும் தொங்கவிடுவர். மொஸ்கோவில் இவ்வழக்கத்தை முறித்தவர்களுள் ஒருவர் விக்ரர் சீமொவ். அவர் ஓவியக் கண்காட்சிகளிலிருந்து மேடைக்கு வந்தவர். அந்த வரலாறு 1863இல் தொடங்குகிறது.

அவ்வாண்டு சென்ற் பீற்றர்ஸ்பேர்க் கலைக்கழகம் தங்கப்பதக்கப் போட்டிக்கு வடபுலப் புராணக் கடவுளரின் விருந்தைத் தலைப்பாகக் கொடுத்தது. 14 மாணவர் அதை வரைய மறுத்து வெளியேறினர். தலைமை தாங்கியவர் இவான் கிராம்ஸ்கோய். காணாத கடவுளரை விட்டுக் கண்ட மனிதரை வரைவதே யதார்த்தவாதிகளின் கொள்கை. 1870இல் இவ்வழியினர் ஊரூராகக் கண்காட்சி கொண்டுசெல்லும் சங்கம் ஒன்றை அமைத்தனர். வொல்கா நதிக்கரையில் படகிழுக்கும் கூலிகளை ரெப்பின் தீட்டியதும் அக்காலத்திலேயே. புகையிரதப் பாதைகளால் செல்வரான சவ்வா மாமொந்தொவ் 1885இல் தொடங்கிய இசைநாடக அரங்குக்குச் சீலை வரையக் கண்காட்சி ஓவியர்களையே அழைத்தார். சீமொவும் அவ்வழியே மேடைக்கு வந்தார்.

1898இல் ஸ்ரனிஸ்லவ்ஸ்கியும் நெமிரோவிச் தன்சென்கோவும் மொஸ்கோ கலை அரங்கை நிறுவியபோது சீமொவ் அதன் ஓவியரானார். முதல் நாடகம் பழைய சார் மன்னன் ஒருவனின் கதை. தூரிகையைத் தொடுமுன் குழுவினர் ரொஸ்தொவ், யாரொஸ்லாவ் முதலிய பழம்பதிகளுக்குச் சென்று கட்டடங்களையும் ஆடைகளையும் பார்த்துவந்தனர். 1902இல் கோர்க்கியின் ‘அடித்தளத்தில்’ நாடகத்துக்காக, கித்ரொவ் சந்தையிலுள்ள வீடற்றோர் விடுதிகளுக்குப் போயினர். அங்கே ஒருவன் காட்டிய படத்தைச் சீமொவ் குறைகூற, போத்தல்களும் முக்காலிகளும் உயர்ந்தன. வழிகாட்டிச் சென்ற பத்திரிகையாளர் பொழிந்த வசைமொழியில் கூட்டம் திகைத்து நின்றதாலேயே உயிர்தப்பினர் என்கிறார் ஸ்ரனிஸ்லவ்ஸ்கி. ஒரு படத்துக்காக இத்தனை கோபங்கொண்டவர்களை நான் மதிக்கிறேன்.

இந்த ஆர்வம் எல்லை மீறியதும் உண்டு. செக்கோவின் ‘கடற்பறவை’ ஒத்திகையில், தவளைகளும் சில்வண்டுகளும் மேடைக்குப் பின்னாலிருந்து ஒலிக்கப்போவதாக ஒரு நடிகர் பெருமையோடு கூறினார். செக்கோவ் உவக்கவில்லை. கிராம்ஸ்கோயின் ஓவியமொன்றில் மூக்கை வெட்டியெடுத்து உயிருள்ள மூக்கைப் பொருத்தினால், மூக்கு மெய்யாயிருக்கும், படம் கெட்டுவிடும் என்ற கருத்தில் பதில் சொன்னார். அவர் கூறியதே சரியென்பது என் எண்ணம். ஆயினும் பார்த்துவந்த பயணங்கள் வீணல்ல. எதை விடலாம் என்பது பார்த்தவனுக்கே தெரியும்.

1904இல் அரங்கேறிய செக்கோவின் ‘செரித் தோட்டம்’ இதற்குச் சான்று. முதற்காட்சி குழந்தைகள் அறை. இறுதிக் காட்சியும் அதே அறைதான், ஆனால் சன்னல் திரைகளில்லை, சுவரில் படங்களில்லை, எஞ்சிய தளபாடங்கள் ஒரு மூலையில், பெட்டிகள் கதவருகே. வீடு கைமாறிவிட்டது. அந்த மேடையைப் பார்த்தால் நம்மில் எவருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

நாம் இங்கே போடும் நாடகங்களிலும் பழைய மூன்று சீன்களின் இடத்தை ஒரு பனையும் ஒரு நிலவும் பிடித்துக்கொண்டன. எல்லா ஊரும் அதுவே. சென்ற ஆண்டு விழாவுக்கு, இந்நாட்டில் பிறந்த இளைஞன் ஒருவன் நிழற்படம் பார்த்துக் கிடுகுவேலி ஒன்று தீட்டினான். கதியால்களும் கட்டுகளும் பிசகவில்லை. நானே பாராட்டினேன். ஒத்திகை பார்க்க வந்த மூதாட்டி ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் நோக்கினார்.

“வேலி வடிவாய்த்தான் கிடக்குது தம்பி. பொட்டு எங்கை?”

அவனுக்கு விளங்கவில்லை. அயல்வீட்டுக்குள் நுழைந்து போய்வர வேலியில் விடும் இடைவெளி அதுவென்றும், கறிக்கிண்ணம் போனதும் சண்டை வந்ததும் அதனூடாகவே என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் தூரிகையை மறுபடி எடுத்து, எவ்வளவு உயரம் என்று கேட்டான். அவர் எழுந்து சீலையருகே போய், சற்றுக் குனிந்து காட்டினார்.