சக்கரத்தருகே நிற்பவரின் குரல்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் நகரும்போது வடம் பிடிப்பவர்களுக்குச் சக்கரம் தெரியாது. அது எங்கே வேகம் பிடிக்கிறது, எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதெல்லாம் முட்டுக்கட்டையோடு கூடவே நடப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் குரல் கொடுத்தால் வடம் நிற்க வேண்டும். அந்தக் குரலுக்கு மதிப்பில்லாவிட்டால் உயிர் போகும்.

விமான நிலையத்திலும் இதே வேலை உண்டு. விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பவர், பெட்டி இறக்கும் லோடர், இழுவை வண்டி ஓட்டுநர், ஹெட்செட் மாட்டி விமானியோடு பேசும் டெக்னீஷியன். இவர்கள் தரைப் பணியாளர்கள். எஞ்சின் அருகே நிற்கும் இவர்களைக் காக்பிட்டில் இருக்கும் விமானியால் பார்க்க முடியாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் படிப்பு முடித்து, ‘ஏர்போர்ட் வேலை’ என்று மதுரைக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ பிள்ளையை அனுப்பும் பெற்றோரும், போகும் பிள்ளைகளும் அறிய வேண்டியதே இங்கே இருக்கிறது.

நின்றாலும் ஓடும்

நிறுத்தி வைத்த விமானம் ஓய்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் முதல் ஆபத்து. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கலாம், ஹைட்ராலிக் அழுத்தம் கதவுகளுக்குள் காத்திருக்கலாம்.

2015 டிசம்பர் 16 அன்று மும்பையில், ஹைதராபாத் செல்லவிருந்த ஏர் இந்தியா ஏ319 விமானத்தைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அதன் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு ஒரு டெக்னீஷியன் இறந்தார். சைகை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதே காரணம் என்று அப்போது வந்த முதற்கட்டத் தகவல்கள் கூறின. 2019 ஜூலை 10 அதிகாலை கொல்கத்தாவில், நிறுத்தி வைத்திருந்த ஸ்பைஸ்ஜெட் கியூ400 விமானத்தின் சக்கர அறையில் பராமரிப்பு வேலை நடந்தது. ஹைட்ராலிக் கதவு எதிர்பாராமல் மூடிக்கொள்ள, இளம் டெக்னீஷியன் ஒருவர் நடுவில் சிக்கி உயிரிழந்தார்.

2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் நடந்தது இன்னும் கொடுமை. விமானத்துக்கு மின்சாரம் தரும் வால்பகுதி துணை எஞ்சின் பழுதாகியிருந்தது. அதனால் வெளிமின் இணைப்பு கிடைக்கும் வரை முக்கிய எஞ்சினை ஓடவிட்டே நிறுத்தினார்கள். கிட்டே போகாதீர்கள் என்று பணியாளர்களிடம் முன்பே சொல்லியும் இருந்தார்கள். ஆனாலும் ஒரு பெண் பணியாளர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். வாய்மொழி எச்சரிக்கை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 15,625 டாலர் அபராதம் விதித்தது.

உயிர் காக்கும் ஒழுங்கு

விமானத்தின் உச்சியிலும் வயிற்றிலும் மின்னும் சிவப்பு விளக்கு, எஞ்சின் ஓடுகிறது அல்லது ஓடப்போகிறது என்பதற்கான அடையாளம். அது அணைந்து, எஞ்சின் விசிறி அடங்கி, பொறுப்பாளர் சைகை தரும் வரை அருகே போகக் கூடாது. ஏ320 போன்ற விமானத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும்போதே முன்னால் சுமார் 15 அடிக்குள் ஆளை இழுக்கும். வேகம் கூடினால் அந்த எல்லை விரியும். பின்னால் வீசும் காற்று ஆளையும் தள்ளுவண்டியையும் புரட்டிவிடும். ஏ.டி.ஆர். விமானத்தின் இறக்கை விசிறி வேகமாகச் சுழலும்போது கண்ணுக்கே தெரியாது. சக்கர அறைக்குள் தலை நீட்டும் முன் பூட்டு ஊசியை மாட்டி, ஹைட்ராலிக் அழுத்தத்தை நிறுத்தி, ‘தொடாதே’ அட்டையைக் காக்பிட்டில் தொங்கவிட வேண்டும். சைகையில் சந்தேகம் வந்தால் வேலை அங்கேயே நிற்க வேண்டும்.

காதுக் கவசமும் ஒளிரும் சட்டையும் அலங்காரம் அல்ல. எஞ்சின் இரைச்சலில் தினமும் நிற்பவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது போகும். போன காது திரும்பாது.

சட்டம் தரும் பலம்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் சில உரிமைகளைத் தெளிவாகத் தருகிறது. பணி நியமனக் கடிதம் கட்டாயம். பாதுகாப்புக்காகத் தரும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. தன் வேலையின் ஆபத்து என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், நிர்வாகத்திடமும் அரசு ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். ஆபத்தே இல்லை என்று அது மறுத்தால் விஷயம் ஆய்வாளரிடம் போகும், அவர் முடிவே இறுதி. எதையும் எழுத்தில் கொடுங்கள். வாட்ஸப் செய்தியாக இருந்தாலும் தேதியோடு பதிவாகிவிடும்.

தரைப் பணியில் பலர் ஒப்பந்த ஏஜென்சி மூலம் சேருகிறார்கள். “நீ எங்கள் ஆள் இல்லை” என்று சொல்லி முதன்மை நிறுவனம் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

விபத்து நடந்துவிட்டால்

1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து பஞ்சாலையோடு வாழும் ஊர் ராஜபாளையம். இங்கே பல வீடுகளில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை பழக்கமானது. விமான நிலைய வேலைக்கும் அதுவே கவசம். மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். வேலையில் அடிபட்டால், சேர்ந்த முதல் நாளாக இருந்தாலும், தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா, ஈ.எஸ்.ஐ. எண் வந்ததா என்று முதல் மாதமே பாருங்கள்.

ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீடு உண்டு. மரணம் என்றால், சட்டம் கணக்கில் கொள்ளும் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்குவார்கள். 25 வயதுக்கு அந்தக் காரணி 216.91. விபத்து மும்பையில் நடந்திருந்தாலும், குடும்பம் வசிக்கும் பகுதிக்குரிய அதிகாரியிடமே மனு கொடுக்கலாம். அலைந்து ஓய வேண்டியதில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிடவும் வேண்டாம். விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் வழிகாட்டுவார்கள்.

வெளிநாட்டு வேலை என்றால், பதிவு பெற்ற முகவர்தானா என்று ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்த்த பிறகே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுங்கள். முகவர் கட்டணம் வரி தவிர்த்து ரூ.30,000-க்கு மேல் கூடாது.

பிள்ளையை வழியனுப்பும் அப்பாவும் அம்மாவும் “மேலதிகாரி சொன்னபடி கேள்” என்று சொல்வது வழக்கம். அதோடு இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள்: “சிவப்பு விளக்கு எரியும்போது யார் போகச் சொன்னாலும் போகாதே. முடியாது என்று சொன்னதால் வேலையே போனாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வா.” முட்டுக்கட்டையோடு நடப்பவர் குரல் கொடுத்தால், தேர் இழுக்கும் ஊரே நிற்கிறது. விமானத்தின் சக்கரத்தருகே நிற்கும் நம் பிள்ளையின் குரலுக்கும் அந்த மதிப்பு வேண்டும்.