வளர்ச்சிக் கணக்கும் வாழ்க்கைக் கணக்கும்

தமிழ்நாட்டின் பொருளாதாரம் 2024-25ஆம் ஆண்டில் 11.19 சதவிகிதம் வளர்ந்தது என்று மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2025இல் கணக்குச் சொல்லிற்று. நல்ல செய்தி. வளர்ச்சி வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்ல நாம். ஆலை வேண்டும், வேலை வேண்டும், கூலி உயரவேண்டும். ஆனால், சதவிகிதத்தைக் கேட்டுக் கைதட்டுவதோடு தொழிலாளியின் வேலை முடிந்துவிடாது. எதை அளந்தீர்கள், எதை அளக்காமல் விட்டீர்கள் என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

நாட்டு வருமானம் என்பது என்ன? ஓராண்டில் விளைந்த பொருள்கள், நடந்த பணிகள் இவற்றின் பண மதிப்பைக் கூட்டினால் வரும் தொகை. அமெரிக்காவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ் என்ற அறிஞர், 1934இல் அந்நாட்டு செனட்டுக்குத் தந்த அறிக்கையிலேயே, இந்தத் தொகையைக் கொண்டு மக்கள் நலத்தை முடிவு கட்டிவிட இயலாது என்று எச்சரித்தார். கணக்கை உலகம் எடுத்துக்கொண்டது; எச்சரிக்கையை மறந்துவிட்டது!

எச்சரிக்கை எவ்வளவு உண்மை என்பதற்கு வேறெங்கும் போகவேண்டாம். நம் தென்சென்னைப் புறநகரைப் பார்த்தாலே போதும். ஒரு காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு கிணறு. இறைத்துக் குடித்தார்கள், யாரும் விலை பேசவில்லை. எனவே அந்தத் தண்ணீர் கணக்கில் எடுபடவில்லை. கிணறு வற்றிற்று, லாரித் தண்ணீர் வந்தது. 2019இல் சென்னை முழுவதும் தவித்தபோது, கூலியில் ஒரு பங்கைத் தண்ணீருக்கே கொடுத்த குடும்பங்கள் எத்தனை! லாரிக்குக் கொடுத்த காசு ‘உற்பத்தி’யாகக் கணக்கில் ஏறும். இருந்த செல்வம் போனது மட்டும் ஏறாது.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர்! அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. வேலை நின்ற நாட்களின் இழப்பு நாட்டுக் கணக்கில் தெரியும். ஆனால் ஏழையின் கட்டிலும், தையல் இயந்திரமும், தவணை கட்டி முடியாத மோட்டார் சைக்கிளும் அழிந்தனவே, அவற்றை அந்தக் கணக்கு கழிக்கவில்லை. பிறகு கடன் வாங்கிப் புதிதாக வாங்கினானே, அதை மட்டும் கூட்டிக்கொண்டது. இழந்தவனுக்கு அது நட்டம். ஏட்டுக்கு அது வளர்ச்சி.

இன்னொரு வித்தை ‘சராசரி’. கணக்குக்காக ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். ஒன்பது பேருக்கு மாதம் 10,000 ரூபாய் வருமானம். பத்தாவது ஆளுக்கு 9,10,000. கூட்டி வகுத்தால் தலைக்கு ஒரு லட்சம்! ஒன்பது பேரும் லட்சாதிபதிகள் ஆகிவிட்டார்களா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஆகவே அளப்பதே வீண் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. ஒழுங்காக அளந்தால் புள்ளி விவரம் ஏழையின் ஆயுதம். 1870களில் தாதாபாய் நௌரோஜி, இந்தியனுக்கு ஆண்டு வருமானம் தலைக்கு ஏறக்குறைய 20 ரூபாய்தான் என்று கணக்கிட்டார். சிறைக் கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் ஆகும் செலவு அதைவிட அதிகம் என்று சர்க்காரின் புள்ளிகளைக் கொண்டே காட்டினார். வெள்ளையர் ஆட்சியின் பெருமையை அந்த ஒரு கணக்கு தோலுரித்தது.

அதே வழியில் பாகிஸ்தானின் மஹ்பூப் உல் ஹக், வங்கத்தின் அமர்த்தியா சென் ஆகியோர் முயற்சியால் 1990இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ‘மனித மேம்பாட்டுக் குறியீடு’ என்ற புது அளவுகோலை வெளியிட்டது. அது மூன்று கேள்விகள் கேட்கிறது. பிறந்த குழந்தை எத்தனை ஆண்டு வாழும்? எத்தனை ஆண்டு படிக்கும்? தலைக்கு வருமானம் என்ன?

2023ஆம் ஆண்டுக்கான கணக்கில் 193 நாடுகளுள் இந்தியாவுக்கு 130ஆம் இடம். மொத்த உற்பத்தியில் உலகின் முதல் ஐந்து நாடுகளுள் ஒன்றாக நின்ற அதே ஆண்டில்தான் இந்த இடம்! அதிலும் ஏற்றத்தாழ்வைக் கழித்துப் பார்த்தால், நம் மதிப்பெண் 0.685இலிருந்து 0.475 ஆக இறங்கிவிடுகிறது. பக்கத்து இலங்கைக்கு 89ஆம் இடம். 1940களிலேயே இலவசக் கல்விக்கு வழி திறந்து, பொது மருத்துவத்தையும் வளர்த்த நாடு அது. ஆனால் 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாமல் திணறிய நாடும் அதுதான். கடன் சுமையை இந்தக் குறியீடு காட்டுவதில்லை. ஆற்றின் அழுக்கையும், வேலையின் நிலையாமையையும் காட்டுவதில்லை. எந்த அளவுகோலும் முழு அளவுகோல் அல்ல. ஒன்றின் குறையை மற்றொன்று காட்டவேண்டும்.

தமிழ்நாடும் 2003இல் மாவட்டவாரியாக மனித மேம்பாட்டு அறிக்கை வெளியிட்டது. அன்று தாம்பரத்தை உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் முன்வரிசையில் நின்றது. தருமபுரி கடைசியில் நின்றது. மகிழலாம். ஆனால் மாவட்டத்துக்குள்ளும் ஒரு தருமபுரி ஒளிந்திருக்குமே! மெப்ஸ் வளாகத்தின் அதிகாரியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே சராசரிக்குள். அடுக்குமாடி வீடும் ஏரிக்கரைக் குடிசையும் ஒரே சராசரிக்குள். 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கினார். ஊருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காசநோய் யாரைத் தேடி வருகிறது? நெருக்கடியான குடியிருப்பையும் சத்தற்ற உணவையும் தேடி வருகிறது. அது தெருவைப் பார்த்து வருகிறது. மாவட்டச் சராசரியைப் பார்த்து அல்ல.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் பிறந்தது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து இன்று 70 வார்டுகள். இந்த எழுபதுக்கும் முழுக் கணக்கு எங்கே? கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தது 2011இல். 2021இல் நடக்கவேண்டியது நடக்கவில்லை, 2027க்குப் போயிற்று. மாநகராட்சியே இல்லாத காலத்துப் புள்ளிகளை வைத்துக்கொண்டு, குழாயும் பள்ளியும் மருத்துவமனையும் யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?

தோழர்களே! காத்திருக்கவேண்டாம். ஒவ்வொரு வார்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். குழாயில் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது? லாரித் தண்ணீருக்கு ஒரு குடும்பம் மாதம் என்ன கொடுக்கிறது? எந்தத் தெருவுக்குச் சாக்கடை இல்லை? பத்தாவதோடு படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? ஒப்பந்த வேலையில் இருப்பவர்களில் யாருக்கு வைப்பு நிதி உண்டு, யாருக்கு இ.எஸ்.ஐ. உண்டு? பெண்களிடமும் கேளுங்கள். கூலியில்லாத வீட்டு வேலைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதையும் நாட்டுக் கணக்கு சேர்ப்பதில்லை.

வார்டு உறுப்பினர் எந்தக் கட்சியானாலும் சரி, அந்த நோட்டை அவர் மேஜைமேல் வையுங்கள். வரவு செலவுத் திட்டம் வரும்போது அந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மறு ஆண்டு அதே வீடுகளுக்குப் போய் அதே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசந்தான் நம் தெருவின் வளர்ச்சி.